81 எழுத்துகள்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணத்தில் துகேலா ஃபெர்ரி என்றொரு சிற்றூர் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு அங்குள்ள கிராமப்புற மருத்துவமனையில் மருத்துவர்களுக்குப் புரியாத ஒன்று நடந்தது. எச்.ஐ.வி. மருந்து நன்றாக வேலை செய்து, உடல் தேறிவந்த நோயாளிகள் காசநோயால் இறந்துபோனார்கள். காசநோய்க்கும் மருந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். சளியை டர்பன் நகர ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 2006 மார்ச் வரை 1,539 பேரின் சளி சோதிக்கப்பட்டது. அவர்களில் 53 பேரின் உடலில் இருந்த கிருமி காசநோயின் முதல்நிலை மருந்துகளான ரிஃபாம்பிசினுக்கும் ஐசோனியாசிடுக்கும் அடங்கவில்லை. அவை கைவிட்டால் கொடுக்கலாம் என்று வைத்திருந்த இரண்டாம்நிலை மருந்துகளுக்கும் அடங்கவில்லை. அந்த 53 பேரில் 52 பேர் இறந்தார்கள். சளி எடுத்த நாளிலிருந்து கணக்கிட்டால், அவர்களில் பாதிப் பேர் 16 நாட்களுக்குள் போய்விட்டார்கள்.

கிருமி எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று சொல்லும் பரிசோதனைக்கு அன்று ஆறு முதல் எட்டு வாரங்கள் தேவைப்பட்டன. ரிப்போர்ட் வந்தபோது பெரும்பாலான படுக்கைகளில் வேறு நோயாளிகள் இருந்தார்கள்.

அந்த ஆய்வு சொன்ன இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் அது இன்னும் போய்ச் சேரவில்லை. இறந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அதற்கு முன் காசநோய்க்கு ஒரு மாத்திரைகூடச் சாப்பிட்டதில்லை. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாமல் தாங்களே வரவழைத்துக்கொண்ட நோய் அல்ல அது. எதிர்ப்பு பெற்ற கிருமியே காற்றில் வந்து அவர்களைத் தொற்றியது. கிருமிகளின் மரபணு அமைப்பை ஒப்பிட்டபோது பெரும்பாலானவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாக இருந்தன. அடங்காத கிருமியோடு ஒருவர் இருமிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வாரமும் பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கு ஆபத்து. ஆகவே, பரிசோதனைக்கு ஆகும் காலமும் நோய் பரவுவதற்கு ஒரு காரணமாகிவிடுகிறது.

ஏன் அத்தனை வாரங்கள்? காசநோய்க் கிருமி மெதுவாக வளரும் கிருமி. நம் குடலில் வாழும் ஈ.கோலை சாதகமான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்கு அதற்கு ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். அதன் மேல்தோல் தடித்த மெழுகுத் தன்மை கொண்டது. அதைக் கட்டிமுடிப்பதே அதற்குப் பெரிய வேலை.

கல்ச்சர் என்று ஆய்வகத்தில் சொல்லும் வளர்ப்பு முறையில், அந்தக் கிருமிக்குத் தரும் உணவே விசேஷமானது. கோழிமுட்டைகளை உடைத்துக் கலக்கி, உப்புகளும் கிளிசரினும் மாலகைட் பச்சை என்ற சாயமும் சேர்ப்பார்கள். சிறு கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி, சாய்த்துப் படுக்கவைத்து, 80 டிகிரிக்குச் சற்று மேற்பட்ட சூட்டில் முட்டை கெட்டியாகும்வரை வைப்பார்கள். நிமிர்த்தினால் குப்பிக்குள் சரிவாக உறைந்த பச்சைநிறத் தளம் ஒன்று இருக்கும். மற்ற கிருமிகள் முந்திக்கொண்டு வளராமல் அந்தப் பச்சைச் சாயம் தடுக்கும். அதன்மேல், சுத்தம் செய்த சளியைத் தடவி 37 டிகிரியில் வைத்துவிட்டு, வாரம் ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் வாரமும் இரண்டாம் வாரமும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. மூன்று, நான்கு வாரங்களில் சொரசொரப்பான வெளிர்மஞ்சள் புள்ளிகள் எழும்பும். அவற்றை வழித்தெடுத்து, மருந்து கலந்த குப்பி, கலக்காத குப்பி என்று மறுபடியும் பயிரிட்டு இன்னும் சில வாரங்கள் காத்திருந்தால்தான், மருந்து இருந்தும் வளர்கிறதா என்பது தெரியும். பிற்காலத்தில் திரவ ஊடகமும் தானியங்கிக் கருவியும் வந்து இந்தக் காலத்தைக் குறைத்தன. ஆனாலும் வாரக் கணக்கு வாரக் கணக்காகவே இருந்தது.

இதில் ஒரு பெருமையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. வளர்ப்பு முறை எதையும் முன்கூட்டியே ஊகிப்பதில்லை. எந்த மரபணுவில் என்ன மாறியிருந்தாலும் சரி, மருந்துக்கு நடுவே கிருமி வளர்ந்தால் அது எதிர்ப்புக் கிருமி, அவ்வளவுதான். இந்த அத்தியாயம் முழுவதும் பேசப்போகும் வேகமான முறைகள் எல்லாம், இந்த ஒரு குணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்துத்தான் வேகத்தை வாங்கியிருக்கின்றன.

எதிர்ப்பு எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிட்டு அந்த முறைகளுக்குப் போவோம். கிருமி பெருகும்போது தன் டிஎன்ஏவைப் பிரதியெடுக்கிறது. அப்போது எப்போதாவது ஓர் எழுத்து பிசகும். பிசகிய எழுத்துகளில் மிகச் சில, தற்செயலாக ஒரு மருந்திலிருந்து கிருமியைக் காப்பாற்றும். ஐசோனியாசிடைப் பொறுத்தவரை 10 லட்சம் கிருமிகளில் ஒன்று இப்படி இருக்கும். ரிஃபாம்பிசினுக்கு அது ஏறத்தாழ 10 கோடியில் ஒன்று. நுரையீரலில் குழிவிழுந்த நோயாளியிடம் 10 கோடிக் கிருமிகள் இருப்பது சாதாரணம். அதாவது, முதல் மாத்திரையைப் போடும் முன்பே எதிர்ப்புக் கிருமி உள்ளே இருக்கிறது. ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை சாகும், அது மட்டும் பெருகும். 1940களின் இறுதியில் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்த புகழ்பெற்ற சோதனையில் இதுதான் நடந்தது. முதலில் தேறிய பலருக்கு எதிர்ப்புக் கிருமி தலைதூக்கியது. ஐசோனியாசிடையும் ரிஃபாம்பிசினையும் சேர்த்துக் கொடுத்தால் ஒரே கிருமி இரண்டிலிருந்தும் தப்ப, 1-க்குப் பின் 14 சுழி போட்ட எண்ணில் ஒன்றாக அது இருக்க வேண்டும். அத்தனை கிருமி எந்த மனித உடலிலும் இல்லை. கூட்டுமருந்துச் சிகிச்சையின் தர்க்கம் முழுவதும் இந்தப் பெருக்கல் கணக்கில் அடங்கியிருக்கிறது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளை சானடோரியத்தில் படுக்கவைக்காமல் வீட்டிலேயே இந்தச் சிகிச்சையைக் கொடுக்கலாம் என்று 1959இல் உலகத்துக்கு நிரூபித்தது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

ஆனால் இரண்டில் ஒரு மருந்துக்குக் கிருமி ஏற்கனவே எதிர்ப்பு பெற்றிருந்தால் கணக்கு சரிந்துவிடும். இரண்டு மருந்து கொடுப்பதாக மருத்துவர் நினைத்துக்கொண்டிருக்கும்போது, உண்மையில் வேலை செய்வது ஒன்றுதான். அந்த ஒன்றையும் அவரே, தெரியாமலேயே, கிருமிக்குப் பழக்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார். முதல் நாளே தெரிய வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இனி ரிஃபாம்பிசினுக்கு வருவோம். டிஎன்ஏவில் உள்ள செய்தியை ஆர்என்ஏவாக நகலெடுக்கும் ஒரு நொதி கிருமிக்குள் இருக்கிறது. அது நின்றால் எந்தப் புரதமும் உருவாகாது, கிருமி செத்துவிடும். ரிஃபாம்பிசின் அந்த நொதியின் மையப் பாதைக்கு அருகே போய் ஒட்டிக்கொள்கிறது. நகலெடுக்கும் ஆர்என்ஏ இழை இரண்டு, மூன்று எழுத்து நீளம் வளர்ந்ததும் மருந்தில் முட்டி நின்றுவிடும். கிருமி இதிலிருந்து தப்ப வேண்டுமென்றால், மருந்து ஒட்டும் இடத்தின் வடிவத்தை மாற்ற வேண்டும். ஆனால் நொதி தன் வேலையைத் தொடர்ந்து செய்தாகவும் வேண்டும். கண்ட இடத்தில் மாற்றினால் நொதியே கெட்டுக் கிருமி தானே செத்துவிடும். ஆகவே, மாற்றிக்கொள்ளத்தக்க இடங்கள் மிகக் குறைவு.

எவ்வளவு குறைவு என்பது 1993இல் தெரியவந்தது. அந்த நொதியின் ஒரு பாகத்தை உருவாக்கும் ஆர்பிஓபி என்ற மரபணுவை, எதிர்ப்பு பெற்ற கிருமிகளிலிருந்து எடுத்து எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். மாற்றங்கள் ஏறக்குறைய எல்லாமே 81 எழுத்து நீளமுள்ள ஒரு சிறு துண்டுக்குள் குவிந்திருந்தன. காசநோய்க் கிருமியின் மொத்த டிஎன்ஏ 44 லட்சம் எழுத்துகள். அதில் 81. ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமிகளில் சுமார் 95 விழுக்காட்டின் ரகசியம் அந்த 81க்குள் இருக்கிறது. அதிலும் பெரும்பங்கு ஒரே ஓர் எழுத்து: டிசிஜி என்று இருக்க வேண்டிய இடத்தில் டிடிஜி. செரின் என்ற அமினோ அமிலம் வர வேண்டிய இடத்தில் லூசின் வந்து உட்காரும். ஒரு மருந்து தோற்க அது போதும்.

ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு பெற்ற கிருமி பெரும்பாலும் ஐசோனியாசிடுக்கும் எதிர்ப்பு பெற்றிருக்கும். அதனால் இந்த 81 எழுத்துகளை மட்டும் படித்தாலே, கூட்டுமருந்துச் சிகிச்சை பலிக்குமா என்பது பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். கிருமியை வளர்க்க வேண்டியதில்லை. அதன் டிஎன்ஏ இருந்தால் போதும். பிசிஆர் என்ற முறையில் ஒரு துண்டை 30 சுற்று இரட்டித்தால், ஒன்று 100 கோடியைத் தாண்டிவிடும். பெருகிய துண்டில் எழுத்து பிசகியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் மிச்சம்.

அதற்கு வழி செய்தவர்கள் நியூயார்க்கில் வேலைபார்த்த சஞ்சய் தியாகியும் ஃபிரெட் கிரேமரும். 1996இல் அவர்கள் வெளியிட்ட கண்டுபிடிப்பு ஒரு குட்டி டிஎன்ஏ இழை. கொல்லிமலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுபோல அது மடங்கியிருக்கும். ஒரு முனையில் ஒளிரும் மூலக்கூறு, மறுமுனையில் அந்த ஒளியை விழுங்கும் மூலக்கூறு. மடங்கியிருக்கும்போது இரண்டும் பக்கத்தில் இருப்பதால் ஒளி வெளியே வராது. வளைவின் நடுப்பகுதி தனக்குச் சரியாகப் பொருந்தும் டிஎன்ஏவைச் சந்தித்தால், அதோடு சேர்ந்து விறைப்பாக நீளும். முனைகள் விலகும், ஒளி தெரியும். ஓர் எழுத்து பொருந்தாவிட்டாலும் மடிப்பிலேயே கிடப்பதுதான் அதற்குச் சுலபம். அப்போது ஒளி இல்லை.

81 எழுத்துகளையும் மூடும் அளவுக்கு இப்படி ஐந்து இழைகள், ஐந்தும் வெவ்வேறு நிறம். எல்லாம் ஒளிர்ந்தால் காசநோய்க் கிருமி இருக்கிறது, ரிஃபாம்பிசின் கேட்கும். நான்கு ஒளிர்ந்து ஒன்று ஒளிராவிட்டால், அந்த இழை மூடும் இடத்தில் ஏதோ எழுத்து மாறியிருக்கிறது. எந்த எழுத்து என்பது தெரிய வேண்டியதில்லை. மாறிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சோதனை வைக்காமல், மாறாததை மட்டும் தெரிந்துகொண்டு மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் இந்த யோசனையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இதை ஒரு பெட்டிக்குள் வைத்ததுதான் ஜீன் எக்ஸ்பெர்ட். நம் மருத்துவமனைகளில் சிபிநாட் என்று சொல்கிறார்கள். கலிஃபோர்னியாவின் செஃபீட் நிறுவனத்தின் கருவி. 2001இல் அமெரிக்காவில் தபால் உறைகளில் ஆந்த்ராக்ஸ் தூள் வந்த பிறகு, அங்குள்ள தபால் பிரிப்பு மையங்களில் காற்றைச் சோதிக்க வைக்கப்பட்ட ஏற்பாட்டுக்குள்ளும் இதே தொழில்நுட்பம்தான் இருந்தது. ஆய்வகம் அல்லாத இடத்தில், நிபுணர் அல்லாதவர் இயக்கவேண்டும் என்ற நிபந்தனை அங்கேயும் இருந்தது.

சளி வந்ததும் அதைப்போல இரண்டு மடங்கு திரவத்தை ஊற்றிக் குலுக்குவார்கள். திரவத்தில் இருக்கும் காரமும் ஆல்கஹாலும் சளியைக் கரைத்து, கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். கால் மணி நேரம் கழித்து, அதில் 2 மில்லியை ஒரு பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜில் விட்டு மூடி, கருவிக்குள் செருகிக் கதவைச் சாத்தினால் மனிதர் வேலை முடிந்தது. உள்ளே ஒரு வால்வு திரும்பித் திரும்பி அறைகளை இணைக்கும். கிருமிகள் வடிகட்டியில் சிக்கும், கழுவப்படும், மீயொலி அதிர்வில் உடையும். வெளிவரும் டிஎன்ஏ, உலர்ந்த மணிகளாக வைத்திருக்கும் வேதிப்பொருள்களைக் கரைத்துக்கொண்டு பின்னால் உள்ள மெல்லிய குழாய்க்குப் போகும். கார்ட்ரிட்ஜுக்குள் தீங்கற்ற வேறொரு பாக்டீரியாவின் விதைத்துகள்களையும் முன்கூட்டியே வைத்திருப்பார்கள். அவற்றின் டிஎன்ஏவும் கிடைத்தால்தான், ‘கிருமி இல்லை’ என்ற பதிலைக் கருவி தரும். கிடைக்காவிட்டால் சோதனை செல்லாது. பொய்யான நிம்மதியைத் தரக் கூடாது என்று கருவிக்குள்ளேயே வைத்த காவல் அது.

இரண்டு மணி நேரத்துக்குள் பதில் வரும். 2010இல் பெரு, அஜர்பைஜான், தென்னாப்பிரிக்கா, இந்தியா ஆகிய நாடுகளில் 1,730 பேரிடம் சோதித்த முடிவு வெளியானது. இந்தியாவில் மும்பையில் அது நடந்தது. ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இருந்த 205 பேரில் 200 பேரைக் கருவி சரியாகச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2012இல் ஏழை நாடுகளுக்கான கார்ட்ரிட்ஜ் விலை 9.98 டாலராகக் குறைக்கப்பட்டது. அடுத்த 11 ஆண்டுகளுக்கு அது அசையவே இல்லை. நோயாளி அமைப்புகள் ஓயாமல் போராடிய பிறகு 2023இல் 7.97 டாலருக்கு இறங்கியது. இன்னும் குறைய வேண்டும் என்பதே என் கருத்து. வருடத்துக்குப் பல லட்சம் கார்ட்ரிட்ஜ்கள் வாங்கும் நாடுகளுக்கு ஒவ்வொரு டாலரும் நோயாளிகளின் எண்ணிக்கைதான்.

அந்தக் கருவிக்குத் தடையில்லாத மின்சாரமும் 30 டிகிரியைத் தாண்டாத அறையும் வேண்டும். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஏப்ரல், மே மாதங்களில் அது எப்படிப்பட்ட நிபந்தனை என்று சொல்லத் தேவையில்லை. பெங்களூரில் உருவாகி, கோவாவைச் சேர்ந்த மோல்பயோ நிறுவனம் தயாரிக்கும் ட்ரூநாட் இந்த இடத்துக்கு வந்த கருவி. பேட்டரியில் ஓடும், மேசை ஓரத்தில் அடங்கும். ஒரு சிப் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், அதே டிஎன்ஏவை இரண்டாவது சிப்பில் விட்டு ரிஃபாம்பிசின் எதிர்ப்பைப் பார்ப்பார்கள். 2020இல் இதற்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை கிடைத்தது.

வேகம் வந்துவிட்டது. உயிர்கள் பிழைத்தனவா? 2015இல் வெளியான எக்ஸ்டெண்ட் என்ற ஆய்வில், ஜீன் எக்ஸ்பெர்ட் முறைக்கு மாறிய தென்னாப்பிரிக்க கிளினிக்குகளையும் பழைய நுண்ணோக்கி முறையைத் தொடர்ந்த கிளினிக்குகளையும் ஒப்பிட்டார்கள். ஆறு மாத இறப்பில் உறுதியாகச் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. கருவியின் குற்றமல்ல இது. கருவிகள் கிளினிக்கில் அல்லாமல் ஆய்வகங்களில் இருந்தன. சளி வண்டியேறிப் போய், ரிப்போர்ட் காகிதம் திரும்பி வந்து, நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்து மாத்திரை கொடுக்கும்வரை நாட்கள் ஓடின. இரண்டு மணி நேரப் பரிசோதனையை அந்த நாட்களுக்கு நடுவே வைத்திருந்தார்கள். ஒரு கருவியை வாங்குவது எளிது, சளி வண்டிக்கு டீசலும் வீடு தேடிப்போகும் பணியாளருக்குச் சம்பளமும் ஒதுக்குவதுதான் அரசுகளுக்குக் கடினமாக இருக்கிறது.

இன்னொரு சிக்கல் பரிசோதனைக்குள்ளேயே இருக்கிறது. அது கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். செத்த கிருமியின் டிஎன்ஏவையும் அது கணக்கில் எடுத்துக்கொள்ளும், ஆகவே சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க உதவாது. புரதத்தை மாற்றாத வெறும் எழுத்து மாற்றத்தைக்கூட எதிர்ப்பு என்று சொல்லிவிடக்கூடும். இவற்றைவிடப் பெரிய பாடத்தைச் சொன்ன நாடு, தென்னாப்பிரிக்காவை ஒட்டிய எஸ்வாட்டினி, அன்று சுவாசிலாந்து. அங்கே 2009இல் நடந்த கணக்கெடுப்பில், ரிஃபாம்பிசினுக்கும் ஐசோனியாசிடுக்கும் அடங்காத கிருமிகளில் 30 விழுக்காடு ஒரே மாற்றத்தைக் கொண்டிருந்தன. ஆர்பிஓபி மரபணுவிலேயே, ஆனால் அந்த 81 எழுத்துகளுக்கு வெளியே, 491ஆவது இடம் என்று அழைக்கப்படும் இடத்தில் ஐசோலூசினுக்குப் பதிலாக ஃபீனைல்அலனின். ஐந்து இழைகளும் பளிச்சென்று ஒளிர்ந்திருக்கும். ‘ரிஃபாம்பிசின் கேட்கும்’ என்று கருவி அச்சிட்டிருக்கும். நோயாளி அதை நம்பி அதே மாத்திரையைச் சாப்பிட்டிருப்பார். மற்ற எதிர்ப்புக் கிருமிகளைப் பரிசோதனை பிடித்துக் கொடுத்துச் சரியான சிகிச்சைக்கு அனுப்ப, அதன் கண்ணில் படாத இந்தக் கிருமி மட்டும் தடையின்றிப் பரவியது. அடுத்த பத்தாண்டில் அதன் பங்கு கூடியதே தவிரக் குறையவில்லை.

இதே எஸ்வாட்டினிக் கிருமியின் முழு டிஎன்ஏவையும் பின்னாளில் படித்தபோது இன்னொன்றும் வெளிப்பட்டது. பெடாகுவிலின் என்ற புதிய மருந்தை ஓரளவு தாங்கும் மாற்றமும் அதில் இருந்தது. அந்த மருந்து அந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே அந்த மாற்றம் வந்துவிட்டது. 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெடாகுவிலின்தான் இன்று எதிர்ப்புக் காசநோய்ச் சிகிச்சைக்கு முதுகெலும்பு. ஊசிகளும் காது கேளாமையுமாக ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் இழுத்த சிகிச்சையை ஆறு மாத மாத்திரைகளாக மாற்றியது அது. அதற்கு எதிர்ப்பு வந்தால் நமக்கு உடனே தெரிய வேண்டும்.

தெரிந்துகொள்வதுதான் கடினம். பெடாகுவிலின் எதிர்ப்பு பெரும்பாலும் ஆர்வி0678 என்ற மரபணுவில் வருகிறது. கிருமிக்குள் வரும் வேண்டாத பொருள்களை வெளியேற்றும் பம்ப்பை அடக்கிவைப்பது இந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் வேலை. அந்தப் புரதம் கெட்டால் பம்ப் ஓயாமல் ஓடி மருந்தை வெளியே தள்ளும். ஆர்பிஓபியைக் கெடுத்துக்கொண்டு கிருமி வாழ முடியாது; இதைக் கெடுத்துக்கொண்டு தாராளமாக வாழலாம். ஆகவே சுமார் 500 எழுத்துகளில் எங்கே வேண்டுமானாலும் மாறலாம், ஓர் எழுத்து விழலாம், ஒன்று கூடலாம். ஐந்து ஒளி இழைகளால் இதை மூட முடியாது. முழுதாகப் படித்தாக வேண்டும்.

சளியிலிருந்தே தேவையான மரபணுக்களை மட்டும் பெருக்கி எழுத்தெழுத்தாகப் படிக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2024இல் தன் வழிகாட்டுதலில் சேர்த்தது. எந்த எழுத்து மாறினால் எந்த மருந்து தோற்கும் என்ற பட்டியலையும் அது 2021இலும் 2023இலும் வெளியிட்டது. இரண்டாவது பதிப்பு 50,000க்கும் மேற்பட்ட கிருமி மாதிரிகளை வைத்துத் தொகுத்தது. ஆர்வி0678இன் பக்கத்துக்குப் போனால், அங்கே உள்ள பல மாற்றங்களுக்கு எதிரே, மருந்து பலிக்குமா பலிக்காதா என்பது இன்னும் தீர்மானிக்கப்படவில்லை என்றே எழுதியிருக்கிறது. வாசிக்கும் கருவியும் கட்டுப்படியாக வேண்டுமென்றால் பல நோயாளிகளின் மாதிரிகள் சேரும்வரை காத்திருந்து ஒன்றாக ஓட்ட வேண்டியிருக்கிறது. எனவே பல நாடுகளில் இன்றும் நடப்பது இதுதான்: ரிஃபாம்பிசின் எதிர்ப்பு என்று சிபிநாட் சொன்னதும் பெடாகுவிலினைத் தொடங்கிவிட்டு, அது கேட்குமா என்று பார்க்கச் சளியைக் கல்ச்சருக்கு அனுப்புகிறார்கள்.

மருந்து 2012இல், அதன் எதிர்ப்பைச் சளியிலேயே படிக்கும் பரிசோதனைக்குப் பரிந்துரை 2024இல். நடுவில் 12 ஆண்டுகள். மனித சோதனைக் கட்டத்தில் இப்போது இன்னும் சில புதிய காசநோய் மருந்துகள் இருக்கின்றன. அவற்றை எதிர்த்து வாழும் கிருமிகளை ஆய்வகத்தில் இன்றே வளர்த்து, எந்த எழுத்துகள் மாறுகின்றன என்று பட்டியலிட்டு, மருந்து அனுமதி பெறும் நாளில் பரிசோதனையும் கையில் இருக்கும்படி செய்ய முடியும். இதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை. மருந்துக்கு அனுமதி கொடுக்கும் அமைப்புகளும் பணம் கொடுக்கும் அரசுகளும் அதை ஒரு நிபந்தனையாக வைத்தால் போதும்.